கொலின் மக்கென்சி துரையின் சரித்திரம்

ஒரு நாட்டின் பழமையை அறிதற்குக் கருவியாவன கல்லும் ஏடும் வாய்மொழியும் என மூன்றாம். கல் சிதையும், ஏடு செல்லரிக்கும், வாய்மொழி சொல்வாரோடு மாயும். இம்மூன்றும் அழிந்தொழியுமுன் அவற்றைத் தேடித் தொகுத்து வைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் தென்னாட்டைப் பொறுத்தமட்டில் முதல்வராக வைத்தெண்ணத்தக்கவர் கர்னல் கொலின் மக்கென்சி என்னும் ஸ்கொத்துலாந்து தேசத்தவர். அவர் சைவரல்லர், தமிழரல்லர், நம்மவர் பாஷைகளுள் ஒன்றையேனும் தாமாக வாசிக்க அறிந்தவருமல்லர். கும்பினியாருடைய படையிற் சேவித்து, நாடு பிடிக்கும் யுத்தங்களிற் கலந்துகொண்டவர். அங்ஙனமாயினும், தென்னாட்டுத் திருக்கோயில் வரலாறுகளும் ஊர் வரலாறுகளும் பல இன்றளவும் அழியாதிருத்தல் அவர் எடுத்த முயற்சியினாலேயாம். அவர் சரித்திரத்தைச் சைவப் பாடசாலை உபாத்தியாயர்கள் அறிந்திருத்தல் நன்று.

இதனை எழுதத் தூண்டிய காரணத்தையும் முன்னர்ச் சொல்லிவிடுகின்றேன். லிங்கநகரில் வசிக்கும் யான் ஒரு நாள் என் வகுப்பு மாணவரைக் கோணேசர் தரிசனத்துக்கு அழைத்துச் சென்றேன். கோட்டை வாயிலைக் கடக்கும்போது, அங்குள்ள கல்லில் வெட்டப்பட்டிருக்கும் இணைக்கயல் உருவத்தையும் சிதைந்த தமிழெழுத்துக்களையும் ஒரு சிறுவன் கண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டான். புத்தகத்திற் படித்த பொருளை அவனுக்குச் சொன்னேன். எந்த எழுத்து எதுவென்று விரல் வைத்துக் காட்டும்படி அவன் மீண்டுங் கேட்டபொழுது எனக்கு வாயடைத்தது. மிஷனரிமார் நிறுவியதொரு பாடசாலையிற் படித்தவன் யான். ஸ்கொத்துலாந்தின் மலைகளையும் ஏரிகளையும் வரிசையாக ஒப்பிக்கக் கற்றேன். எங்கள் ஊர்க் கோட்டை வாயிற் கல்லைப் பற்றி அங்கே ஒரு பாடமும் நடந்ததில்லை. ஆயினும், எதனைக் கேட்டாலும் ஆண்டும் இடமும் சொன்னவர் பெயருங் குறித்துக்கொள்ளும் பழக்கத்தைத் தந்ததும் அப்பாடசாலையே; அந்நன்றியை மறைத்தல் தகாது. அன்று உண்டான நாணத்தினாலே, கல்லும் ஏடும் தேடியவர் சரித்திரங்களைத் தேடி வாசிக்கலானேன். அவற்றுள் என் மனத்தை மிகவும் உறுத்தியது மக்கென்சியின் சரித்திரமாம்.

பிறப்பும் இளமையும்

ஸ்கொத்துலாந்தின் வடமேற்கே கடலினுள் லூயிஸ் என்னும் தீவு உளது. அதன் துறைமுகப்பட்டினம் ஸ்டோர்னவே. அப்பட்டினத்தில் 1754 ஆம் ஆண்டளவில் மக்கென்சி பிறந்தார். தந்தையார் வணிகர், அவ்வூர்த் தபாற் காரியத்தையும் பார்த்து வந்தவர். மகனார் வாலிபப் பருவத்தில் அத்துறைமுகச் சுங்கச்சாலையில் உத்தியோகம் வகித்தார். கப்பலும் கணக்குமாய்க் கழிந்த அவ்வாழ்க்கையிலே கணித நூலில் அவருக்குப் பெருவிருப்பு உண்டாயிற்று.

அக்காலத்தில் நேப்பியர் பிரபு என்பவர், மடக்கைக் கணிதத்தைக் கண்டுபிடித்த தம் முன்னோர் ஜோன் நேப்பியரது சரித்திரத்தை எழுத விரும்பினார். இந்துக்களுடைய கணித அறிவைப் பற்றியும் அந்நூலிற் சேர்க்க வேண்டுமென்று கருதி, அதன்பொருட்டு மக்கென்சியின் உதவியைப் பெற்றார். இந்து தேசத்தின் கலைகளை நேரே சென்று அறியவேண்டுமென்னும் அவா மக்கென்சிக்கு அவ்வேலையிலே தோன்றியதென்பர். சீபோர்த் பிரபுவின் ஆதரவினாற் கும்பினியாரின் படையில் இடம் பெற்று, 1783 ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. பிறர் பதினாறு பதினேழு வயதிற் புகும் உத்தியோகத்திலே அவர் அவ்வயதிற் புகுந்தார். பின்னர் ஊருக்கு ஒருமுறையேனும் அவர் திரும்பிச் சென்றாரல்லர்.

நேப்பியர் பிரபுவின் புதல்வியார் ஹெஸ்டர் என்னும் அம்மையார் தம் கணவர் சாமுவேல் ஜோன்ஸ்டனோடு மதுரையில் வாழ்ந்து வந்தார். மக்கென்சி மதுரைக்கு அழைக்கப்பட்டார். அவ்விடத்துப் பண்டிதரோடு அளவளாவியபொழுது, தென்னாட்டின் பழைய வரலாறுகளைத் தொகுக்க வேண்டுமென்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. இச்செய்தியைப் பிற்காலத்தில் எடுத்துச் சொன்னவர் அவ்வம்மையாரின் மகனாரான சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். இவரே 1811 முதல் 1819 வரை இலங்கையின் பிரதம நீதியரசராக வீற்றிருந்தவர். 1817 ஆம் ஆண்டிலே மக்கென்சி தம் வாழ்க்கை வரலாற்றையும் தொகுப்பு வரலாற்றையும் விரித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அக்கடிதம் அனுப்பப்பட்டது இந்த ஜோன்ஸ்டனுக்கே. மக்கென்சியின் சரித்திரத்தை எழுதப் புகுந்த அனைவருக்கும் அதுவே முதற் கருவியாயிற்று.

பயனின்றிக் கழிந்த பதின்மூன்று ஆண்டுகள்

வந்தவுடனே ஏடு தேடத் தொடங்கினாரென்று எண்ணற்க. திண்டுக்கல், கோயமுத்தூர் முதலிய இடங்களிலே சேவித்தார்; நெல்லூர் ஒங்கோல் வழிகளை அளந்தார்; 1790 முதல் 1792 வரை நடந்த திப்புசுல்தான் யுத்தத்திலும், 1793 இற் புதுச்சேரி முற்றுகையிலும் பொறியாளராகக் கடமை பார்த்தார். பின்பு ஐதராபாத்து நிசாமின் நாட்டை அளக்கும் பணி அவரைச் சேர்ந்தது. தாம் இந்தியாவுக்கு வந்த முதற் பதின்மூன்று ஆண்டுகளும் தம்முடைய நோக்கத்துக்குப் பெரும்பயன் தந்தனவல்லவென்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று ஓய்வில்லாத உத்தியோகம்; மற்றொன்று நாட்டுப் பாஷைகளை அறியாமை. உயர்ந்த பதவியில் இருந்து கொண்டு தம் அறியாமையை எழுத்திற் பதித்து வைத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று.

இலங்கையில்

1795 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே திருக்கோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் கையினின்றும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் அவர் வசமாயிற்று. அந்தப் படையெடுப்பிலே மக்கென்சி தலைமைப் பொறியாளராக இலங்கைக்கு வந்தார். யுத்தம் முடிந்தவுடன் பிறர் கொள்ளைப் பொருளையும் பதவியையும் எண்ணியிருக்க, இவர் மேற்குக் கரையிலும் தென்கரையிலும் காணப்பட்ட பழம்பொருள்களைக் குறித்துக்கொண்டார். தெய்வந்துறையிலே, 1588 ஆம் ஆண்டிற் பறங்கியரால் இடித்தழிக்கப்பட்ட தேனாவரப் பெருங்கோயிலின் கற்றூண்கள் அக்காலத்தில் எஞ்சி நின்றன. அவற்றையும் அவர் பார்வையிட்டெழுதினார். அக்கட்டுரை கல்கத்தா ஆசியசங்கத்தாரின் ஆராய்ச்சித் தொகுதி ஆறாவதிலே வெளிவந்தது. இலங்கையின் இடிபாடுகளை ஆங்கிலேயர் ஒருவர் ஆராய்ச்சிக் கண்கொண்டு பார்த்தெழுதிய முற்பட்ட கட்டுரைகளுள் அஃதொன்று.

நமது கோணமாமலைப் பெருங்கோயிலும் 1620 ஆம் ஆண்டையடுத்த காலத்திலே அவ்வாறே பறங்கியரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்கு மதிலாயின. தென்முனைத் தூண்களுக்கு 1796 இல் ஒரு மக்கென்சி வாய்த்தார். நம் கோட்டைக் கற்களுக்கு அங்ஙனமொருவர் அன்று வாய்த்திலர். பல தலைமுறை சென்ற பின்னரே அவற்றை வாசிப்பார் தோன்றினர்.

போரய்யாவைக் கண்டது

இலங்கையினின்று மீண்டவுடனே மக்கென்சியின் வாழ்க்கையிற் பெருந்திருப்பம் நேர்ந்தது. ஏலூரைச் சேர்ந்த தெலுங்கப் பிராமண இளைஞர் காவலி வெங்கட போரய்யா என்பவர் அவரிடம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது. சமஸ்கிருதமும் தெலுங்கும் ஆங்கிலமும் பிறவும் அறிந்தவர். எவ்வூர்க்குச் சென்றாலும் ஊராரோடு பேசி நட்புக்கொள்ளும் இயல்புடையவர். வெள்ளைத் துரையும் சிப்பாய்களும் வருகின்றார்களென்றால், வரி கூட்ட வருகின்றனரென்று அஞ்சிக் கணக்கரும் கோயிலாரும் ஏடுகளை மறைப்பர். போரய்யா சென்றாலோ அவ்வேடுகள் வெளிவரும். பழைய கன்னட எழுத்திலமைந்த கல்வெட்டுக்களை வாசிக்கும் வழியை அவர் தம் முயற்சியாலே கண்டார். இந்த இளைஞரைப் பெற்றதே தம்முடைய தேட்டத்துக்கு வாயில் திறந்ததென்று மக்கென்சி வெளிப்படையாக எழுதியிருக்கின்றார்.

1799 இற் சீரங்கபட்டணம் விழுந்தது. அடுத்த ஆண்டு முதலாக ஏறக்குறையப் பத்தாண்டுகள் மைசூர் நாட்டை அளக்கும் பணி மக்கென்சியின் தலைமையில் நடந்தது. அளக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 40,000 சதுரமைல். அளவைக்காரர் ஒருபுறம் சங்கிலி பிடித்துச் செல்ல, போரய்யாவும் அவர் தம்பியர் இலக்குமய்யா, இராமசாமி என்பவர்களும் பிறரும் மற்றொருபுறம் ஊரூராகச் சென்று, அவ்வூர் யாரால் உண்டாயிற்று, கோயிலைக் கட்டினவர் யார், மானியம் விட்டவர் யார், குளம் வெட்டியவர் யார், எக்குடிகள் எங்கிருந்து வந்தன என்று வினவி எழுதினார்கள். இவ்வாறு எழுதப்பட்ட ஊர் வரலாறுகளுக்குக் கைபீது என்று பெயர். மேலதிகாரிகள் இதனை வீண்செலவென்று கருதிப் பணத்தைக் குறைத்தார்கள். மக்கென்சியோ தம் சொந்தப் பணத்தைக் கொண்டும் அவர்களுக்குச் சம்பளங் கொடுத்து வேலையை நடத்தினார்.

1803 ஆம் ஆண்டிலே போரய்யா முப்பது வயது நிரம்புமுன் இறந்தார். அவருக்குப்பின் தம்பியார் இலக்குமய்யா அப்பணியின் தலைமையை ஏற்றுக்கொண்டார்.

அமராவதி

கிருஷ்ணா நதிக்கரையிலே அமரேசுவரர் திருக்கோயிலாற் பெயர் பெற்ற ஊர் அமராவதி. அப்பகுதியின் ஜமீந்தார் வாசிரெட்டி வெங்கடாத்திரி நாயுடு அவ்விடத்திற் புதுப்பட்டணம் அமைக்கத் தொடங்கினார். அருகே தீபாலதின்னை என்று வழங்கிய மண்மேடு ஒன்றிருந்தது. கட்டிடத்துக்குக் கல் வேண்டி வேலையாட்கள் அதனைத் தோண்ட, சிற்பங்கள் செறிந்த வெண்கற்பலகைகள் வெளிப்பட்டன. இதனைக் கேள்வியுற்ற மக்கென்சி 1797 ஆம் ஆண்டையொட்டி அங்கே சென்று பார்த்துக் குறிப்பெடுத்தார். 1816 இல் அவர் மீண்டும் அங்கே சென்றபொழுது அம்மேட்டின் நடுவே குளம் வெட்டப்பட்டிருந்தது. கற்பலகைகள் பல உடைந்தும் கட்டிடங்களிற் புதைந்தும் போயின. எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டுமென்று கருதி, ஓவியர்களைக் கொண்டு எண்பதுக்கு மேற்பட்ட படங்களை அளவு பிசகாமல் வரைவித்தார். அச்சிற்பங்களைச் சமணருடையனவென்று அவர் நினைத்தார். அது பிழை, அம்மேடு பௌத்தருடைய தூபியென்பது பின்னர் வெளிப்பட்டது. கருத்துப் பிழையாயினும் படம் பிழையன்று. இன்று காணாமற்போன கற்பலகைகள் சிலவற்றுக்கு அப்படங்களே சாட்சியாக இலண்டனிற் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. கற்களுள் ஒரு பகுதி சென்னையிலும் ஒரு பகுதி இலண்டனிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

கண்டதைக் கண்டவாறே குறித்தல் வேறு, அதற்குப் பொருள் கூறுதல் வேறு என்பதை இவ்வரலாறு நன்கு காட்டும். முன்னது சரியாயிருப்பின் பின்னதைப் பின்வருவோர் திருத்திக்கொள்வர். முன்னதே பிழையாயின் திருத்துதற்கு இடமில்லை.

யாவகத்துச் சிவாலயம்

1811 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் யாவகத்தீவின்மேற் படையெடுத்தபொழுது மக்கென்சி தலைமைப் பொறியாளராகச் சென்றார். 1812 ஜனவரியிற் பிரம்பானம் என்னுமிடத்துக் காட்டினுள்ளே இடிந்து கிடந்த கோயிற் கூட்டத்தைப் பார்வையிட்டு, அதனை விரித்தெழுதினார். அக்கட்டுரை 1814 இல் வெளிவந்தது. அங்குள்ள கோயில்களுள் நடுநாயகமாக விளங்குவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சிவாலயம். உயரம் 47 மீற்றர். கருவறையிற் சிவபெருமான் திருவுருவமும், மற்றை மூன்று புறத்து அறைகளிலே அகத்தியர், விநாயகர், துர்க்கை உருவங்களும் உள்ளன. 1953 ஆம் ஆண்டில் இச்சிவாலயம் திரும்ப எடுப்பிக்கப்பட்டு நிறைவெய்தியது. அகத்தியரை நம் நாட்டோடும் பொதியமலையோடும் மாத்திரம் சேர்த்துப் படிப்பிக்கும் உபாத்தியாயர்கள், கடல்கடந்த அச்சிவாலயத்தில் அவர் வீற்றிருக்கும் செய்தியையும் மாணாக்கருக்குச் சொல்லலாம்.

அத்தீவிலேயே 1812 நவம்பரில் ஒல்லாந்த வமிசத்துப் பெண்மணி பெற்றுரோனெல்லா ஜக்கோமினா பார்ட்டெல்ஸ் என்பாரை மக்கென்சி மணந்தார்.

ஓவியத்திற் கண்டது

1815 இல் இந்தியா முழுவதற்கும் முதலாவது நில அளவைத் தலைவர் பதவி மக்கென்சிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டிலே தோமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் அவரைச் சென்னையில் வைத்துப் படமெழுதினார். செந்நிறப் படையுடை அணிந்து நடுவே நிற்கின்றார் துரை. அவரைச் சூழ நாட்டவர் மூவர் நிற்கின்றனர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி. ஒருவர் கையிலே தூரதிருட்டிக் கண்ணாடி. பின்னே சிரவணபெல்கொளத்துக் கோமடேசுவரர் திருவுருவம் தோன்றுகின்றது. ஓலைச்சுவடி பிடித்து நிற்பவர் தர்மய்யா என்னும் சமணப் பண்டிதரென்பர். அக்காலத்து ஆங்கிலத் துரைகள் தம்மைப் படமெழுதுவித்தபொழுது உடன் நின்ற நாட்டவர் பெரும்பாலும் குடைபிடிப்போரும் குதிரைபிடிப்போருமே. இவரோ தமக்கு ஏடு வாசித்தாரை உடன் நிறுத்திக்கொண்டார். ஆயினும் நடுவே நிற்பவர் ஒருவரே. பெயர் நின்றதும் பெரும்பாலும் அவ்வொருவருக்கே.

மறைவும் தொகுப்பும்

1817 இல் மக்கென்சி கல்கத்தாவுக்குச் சென்றார். தொகுத்தவற்றையெல்லாம் வகைப்படுத்தி ஒரு பெருநூலாக்க வேண்டுமென்பது அவர் கருத்து. உத்தியோகச் சுமையும் நோயும் அதற்கு இடங்கொடுத்தில. 1821 மே மாதம் 8 ஆந் திகதி, கடற்காற்றை நாடிக் ஹூக்ளி நதிவழியே சென்றுகொண்டிருந்தபொழுது இறந்தார். கல்கத்தாப் பார்க்கு வீதிச் சேமக்காலையில் அடக்கஞ் செய்யப்பட்டார். நாற்பதாண்டு தேடியவர் தேடியதைக் கொண்டு ஒரு நூலும் முற்றுவித்தாரல்லர்.

அவர் விட்டுச்சென்ற தொகுப்பின் அளவைச் சொல்லுங்கால், கையெழுத்துச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புக்கள் 2,159, சித்திரங்கள் 2,630, நாணயங்கள் 6,218 என்று கணக்கிட்டனர். இவற்றை அரசாங்கத்தார் அவர் மனைவியாரிடமிருந்து ஓரிலட்சம் ரூபாவுக்கு வாங்கினர். ஹொரேஸ் ஹேமன் வில்சன் என்பவர் 1828 இல் இவற்றுக்கு அட்டவணை வெளியிட்டார். பின்னர் ஒருபகுதி இலண்டனுக்குச் சென்றது. நாட்டுப் பாஷைச் சுவடிகளுட் பெரும்பகுதி சென்னைக்கு வந்து, அங்குள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றது. தமிழ்ச் சுவடிகளின் சுருக்கத்தை டி. வி. மகாலிங்கம் அவர்கள் தொகுக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1972 இல் வெளியிட்டனர். கொங்குதேச ராஜாக்கள் முதலாய நூல்கள் இத்தொகுப்பினின்றே அச்சேறின.

இலக்குமய்யாவுக்கு நேர்ந்தது

இச்சரித்திரத்தின் இறுதிப்பகுதியே யான் முக்கியமாக உபாத்தியாயர்களுக்குச் சொல்ல விரும்புவது. துரை இறந்தபின், அத்தொகுப்பை முழுதும் அறிந்த ஒருவர் உயிரோடிருந்தார், அவரே இலக்குமய்யா. எந்தச் சுவடி எவ்வூரில் யாரிடம் பெறப்பட்டதென்பதைக் கால் நூற்றாண்டாக அறிந்தவர். வேலையைத் தொடர்ந்து முடித்தற்குத் தமக்கு ஆதரவளிக்கும்படி 1830 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அவர் விண்ணப்பஞ் செய்தார். அவ்விண்ணப்பத்தை ஆராய்ந்த ஆசியசங்கத்தார், சுவடிகளைத் திரட்டுதற்கு அவர் வல்லவரேனும், அவற்றை ஆராய்ந்து தெளிவாக எழுதும் ஆற்றல் நாட்டவர் ஒருவர்க்கு இராதென்னும் கருத்தினாலே அதனை ஏற்றுக்கொண்டிலர். வேலை ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் தெயிலருக்குச் சென்றது. அசோகனுடைய பிராமி எழுத்தை வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரின்செப்பே அச்சங்கத்தின் காரியதரிசி. அத்துணைப் பேரறிவாளர் இருந்த சபையிலும் இத்தீர்ப்பே பிறந்தது.

அத்தீர்ப்புப் பொய்யென்பதற்குச் சான்று அக்காலத்திலேயே இருந்தது. இலக்குமய்யாவின் தம்பியார் இராமசாமி, தக்கணத்துப் புலவர்களின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி 1829 இல் வெளியிட்டிருந்தார். திருவள்ளுவர், ஔவையார் முதலிய தமிழ்ப்புலவர் சரித்திரங்களும் அதில் உண்டு. புத்தளத்துச் சைமன் காசிச்செட்டியார் தமிழ்ப்புலவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1859 இல். அதற்கு முப்பதாண்டு முற்பட்டது இராமசாமியின் நூல். ஆராய்ந்தெழுதும் ஆற்றல் அக்குடும்பத்தில் இருந்தது, இடங்கொடுப்பாரே இல்லாதிருந்தனர்.

மக்கென்சி தம் அறியாமையை ஒத்துக்கொண்டு, அறிந்தவரைத் தேடி, அவர் பெயரையும் எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் நாட்டவரின் அறிவை ஒத்துக்கொள்ள மறுத்தனர். ஒரு காரியம் நடந்ததும் நின்றதும் இவ்விரண்டினாலேயாம்.

குணமும் குற்றமும்

குணத்தைச் சொன்னவிடத்துக் குற்றத்தையும் சொல்லுதல் முறை. மக்கென்சி அளந்த நிலம் கும்பினியாருக்கு வரி வாங்கவும் படை நடத்தவும் உதவியது. ஏடு தேடும் வேலையும் அவ்வாட்சியின் நிழலிலேதான் நடந்தது. அவர் ஆட்கள் கேட்கும்பொழுது ஊரார் முழுமனத்தோடு கொடுத்தனரோ, அதிகாரத்துக்கு அஞ்சிக் கொடுத்தனரோ என்பதைப் பிரித்தறிதல் அரிது. கல்வெட்டுக்கள் கண்ணாற் பார்த்தெழுதப்பட்டமையால் அவற்றிற் பிழைகள் உள. கைபீதுகளிலே மெய்வரலாறும் கட்டுக்கதையும் கலந்திருக்கும். மானியத்தை நிலைநிறுத்தும் பொருட்டு ஊரார் கூட்டிச் சொன்னவையும் அவற்றில் இருக்கலாம். ஆதலால் அவற்றை ஆராயாது நம்புவோர் இடர்ப்படுவர். ஆயினும் கல்லே தொலைந்துபோனவிடத்துப் பிழைபட்ட படியும் பெறற்கரிய பொருளாம்.

நாம் செய்யத்தக்கது

திருக்கோணமலைக்கு வரலாற்றுக் கருவி இல்லாமலில்லை. கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, பெயராற் கல்வெட்டாயினும் ஏட்டில் எழுதப்பட்ட நூல். தொழும்பாளர் இன்னார், அவர்க்குரிய கடமை இன்னது என்று அது விதந்து கூறும். மைசூர்க் கைபீதுகளோடு ஒப்புநோக்கத்தக்க நூல் அது. 1223 ஆம் ஆண்டைக் குறிக்கும் சோடகங்கனுடைய சமஸ்கிருதக் கல்வெட்டு நம் கோட்டையிலே கிடைத்தது. 1950 ஆம் ஆண்டிற் கிணறு தோண்டுங்கால் மண்ணுள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. திருப்பணி நிறைவேறிக் கோணேசருக்கு 1963 இற் கும்பாபிஷேகம் நடந்தது. இவ்வூரிலே உபாத்தியாயராயிருந்த வே. அகிலேசபிள்ளையவர்கள் திருக்கோணாசல வைபவத்தை எழுதிவைத்தார். பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு அவர் அதனைச் செய்தார்; கும்பினிப் பணமும் குதிரையும் அவருக்கில்லை.

உபாத்தியாயர்களே, நம் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு குறிப்புப்புத்தகம் வைத்தல் வேண்டும். மேல்வகுப்பு மாணாக்கர் தத்தம் பாட்டனார் பாட்டியாரிடம் சென்று, ஊர்ப் பெயர், குளப் பெயர், கோயிற் பெயர், அவற்றைப் பற்றிய கேள்வி என்பவற்றை வினவி எழுதட்டும். சொன்னவர் பெயரும் வயதும் எழுதிய திகதியும் தவறாது இருக்கட்டும். சொன்னதைத் தம் விருப்பப்படி அழகுபடுத்தாது சொன்னவாறே எழுதட்டும். பழங்கல் காணின் அதனைத் தேய்க்காமலும் மஞ்சள் பூசாமலும் இடம் பெயர்க்காமலும் படமெடுத்து, தொல்பொருட் திணைக்களத்தார்க்கும் பல்கலைக்கழகத்தார்க்கும் அறிவித்தல் வேண்டும். நம் வட்டாரத்திலே யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களோடு ஏடுகளும் போயின. ஊர்க்கதை அறிந்த முதியோரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர். இன்று வினவாததை வருகிற ஆண்டு வினவுவதற்கு ஆளிருப்பாரென்று சொல்ல இயலாது.

வாசிக்கத் தெரியாத மக்கென்சி நம்முன்னோர் ஏடுகளைத் தேடினார். வாசிக்கத் தெரிந்த போரய்யாவுக்கு வாழ்நாள் போதாதாயிற்று, இலக்குமய்யாவுக்கு இடங்கிடைத்திலது. நமக்கோ எழுத்தும் தெரியும்; இடமும் நம்முடையது; தடுப்பாரும் இல்லை. கோட்டை வாயிலிலே என்னை வினவிய சிறுவன் இப்பொழுது மேல்வகுப்பிற் படிக்கின்றான். தமிழெழுத்தின் பழைய வடிவங்களை யானும் அவனும் ஒரே அட்டவணையைப் பார்த்துக் கற்று வருகின்றோம். அவன் என்னினும் விரைவாகக் கற்கின்றான். அக்கல்லின் முன்னே மறுபடியும் நின்று, அறிந்த எழுத்துக்களை அவன் விரல் வைத்துக் காட்ட யான் கேட்டு நிற்கும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றேன்.